குமிஸைக் கம்பளத்தில் ஊற்றியது ஏன்?

பாலிக்சி,
ஜூலை 9

மதிப்பிற்குரிய சம்பந்தி ஓமுர்சாக் அவர்களுக்கு,

ஏரிக்கரையிலிருந்து தூர்தாகூன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி குல்பாரும் மகள் பெகிமாயும் நலம். அங்கே மலை மேய்ச்சலில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை நூர்தானும் நலமாக இருக்க வேண்டும். புல் முழங்கால் உயரம் வளர வேண்டும், பெண்குதிரைகள் மடி நிறையச் சுரக்க வேண்டும், குட்டிகள் பக்கம் ஓநாய் எட்டிப் பார்க்கக் கூடாது. மேலே போன் எடுக்காது என்பதால் இதை வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

போன ஞாயிறு என் மகளுக்குக் காதணி போட்டு உறுதி செய்ய வந்தீர்கள். போடாமலே போய்விட்டீர்கள். காதணி ஏறினால்தான் அவள் உங்கள் வீட்டுப் பெண். ஏறாமல் நின்றுபோன பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. தப்பு என்னுடையது. ஆனால் நீங்கள் ஆசையாகக் கொண்டுவந்த குதிரைப்பால் குமிஸைத் தரையில் ஊற்றியது அவமதிக்க அல்ல. அதை நிரூபிக்காமல் விடமாட்டேன். முப்பத்தொரு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். பாதியில் விட்ட சமன்பாடு என் கரும்பலகையில் கிடையாது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். குல்பார் நெடுஞ்சாலை ஓரத்தில் புகையூட்டிய மீன் விற்கிறாள் அல்லவா, போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் திடீர் மழை, மீன் பெட்டிகளைத் தூக்கி வந்து விருந்தாளி அறையில் வைத்துவிட்டாள், பெட்டி ஒழுகிக் கம்பளம் முழுக்கக் கவிச்சி ஊறிவிட்டது, அது அவளுக்கு அவள் அம்மா கொடுத்த கம்பளம் வேறு, தூக்கிப் போடவும் விடமாட்டாள். நீங்கள் வரப்போகும் செய்தி வந்ததும் நான் களத்தில் இறங்கினேன். மீன் கவிச்சி என்பது அமைன். அமைன் ஒரு காரம். அதிலுள்ள நைட்ரஜனிடம் யாருக்கும் கொடுக்காத எலக்ட்ரான் இணை ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கிறது, அமிலத்திலிருந்து ஒரு புரோட்டான் வந்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் அது உப்பு. உப்புக்குப் பறக்கத் தெரியாது, பறக்காதது மூக்குக்கு வராது. ஆகவே ஆறு புட்டி வினிகர் வாங்கிக் கம்பளத்தில் தெளித்தேன். கவிச்சி போயே போய்விட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்கள் வந்த காலையில் நான் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் குல்பார், வீடு ஊறுகாய் ஜாடி மாதிரி நாறுகிறது என்று, சலவைச் சோடா கரைத்துக் கம்பளத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள். சோடா அமைனைவிட வலுவான காரம். கண்ட இடத்தில் புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டு அமைனை அவிழ்த்துவிட்டது. நான் வாசலில் கால் வைக்கும்போதே மூக்கு சொல்லிவிட்டது. பின்னாலேயே உங்கள் காரும் வந்து நின்றது.

சம்பந்தியம்மா உட்கார்ந்ததும் மூக்கைச் சுருக்கி, "ஏங்க, இங்க ஏதோ..." என்றார். நீங்கள், "மீன் விக்கிற வீட்ல ரோஜாவா மணக்கும்? சும்மா உக்காரு" என்றீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன். அப்போதுதான் உங்கள் கை தட்டி குமிஸ் கிண்ணம் கவிழ்ந்தது. நான் துடைக்கக் குனிந்தேன். கம்பளத்தில் குமிஸ் பட்ட இடத்தில் கவிச்சி இல்லை! குதிரைப் பால் புளித்துத்தானே குமிஸ், புளிப்பு என்றால் அமிலம். உறுதி செய்துகொள்ள மண்டியிட்டு முகர்ந்தேன்.

"என்ன சம்பந்தி, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டீர்கள்.

"தொலையல சம்பந்தி, கெடச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டே உங்கள் தோல் பையைத் தூக்கி மிச்சமிருந்த குமிஸ் முழுவதையும் கம்பளத்தில் ஊற்றினேன். பாதி சம்பந்தியம்மாவின் புதுக் கோட்டில் விழுந்தது.

"யோவ், எங்குதிரப் பால மிதிக்கிற எடத்துல ஊத்துறியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றீர்கள். எனக்குத் தகும். பெண்கள் கோட்டைக் கழுவச் சமையலறைக்கு ஓடினார்கள். நீங்கள் காரில் போய் உட்கார்ந்து பத்து நிமிடம் ஹாரன் அடித்தீர்கள். சம்பந்தியம்மா ஈரக் கோட்டோடு வந்து ஏறினார். கார் போய்விட்டது.

அன்றிலிருந்து நான் சும்மா இல்லை. கம்பளத்தை மூன்று முறை வினிகரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயப் போட்டேன். ஏரித் தண்ணீரில் அலசவில்லை, அதுவும் லேசான காரம். அதன் ஓரத்தில் இரண்டு துண்டு வெட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வெள்ளை நூல் கட்டியது வினிகரில் கழுவியது, தைரியமாக முகரலாம். சிவப்பு நூல் கட்டியது, ஒப்பிடுவதற்காக நான் மறுபடி சோடா போட்டது. அதைக் கூடாரத்துக்குள் பிரிக்க வேண்டாம். வெட்டியதிலிருந்து குல்பார் என்னோடு பேசுவதில்லை, பரவாயில்லை. வரும் ஞாயிறு குடும்பத்தோடு வந்து காதணி போட்டுவிட வேண்டும். நீங்கள் வராவிட்டால் நானே கம்பளத்தைத் தோளில் சுமந்துகொண்டு மலைக்கு வருவேன். வந்து விரித்து உட்கார்ந்துவிடுவேன்.

மேய்ச்சலிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கங்கள், சின்னக் குழந்தைகள் நெற்றிக்கு முத்தங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், தொழுவம் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை விடாமல் கேட்கும்
தூர்தாகூன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை எடுத்து வரச் சொன்னேன். பெகிமாய் வந்து குனிந்தாள். காதில் காதணி!

"இது எப்ப?" என்றேன்.

"அன்னிக்கே, அப்பா. சமையக்கட்டுல. நீங்க ஊத்துனத நெனச்சு அத்தையும் நானும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் போட்டுவிட்டாங்க. மாமாவுக்குக் கோவம் தணியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

இத்தனை நாளுக்குப் பிறகு குல்பார் வாயைத் திறந்தாள். "பொண்ணு தெனமும் உங்க முன்னாலதான வந்து போறா? நீங்க கம்பளத்த விட்டுத் தலையத் தூக்குனாத்தான?"

வெட்கமாக இருக்கிறது, சம்பந்தி. சந்தோஷமாகவும் இருக்கிறது. ஆகவே மேலே எழுதிய எதுவும் இனித் தேவையில்லை. வேதியியல் சரியாக இருப்பதால் கிழிக்க மனம் வராமல் அனுப்புகிறேன். உங்களிடமும் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன், காதணிப் பெட்டியைத் திறந்து பாருங்கள், காலியாக இருக்கும். நீங்கள் அதை அவள் காதில் பார்க்கவில்லை. நானும் கண் கலங்கியதில் சரியாகப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இருவரும் சேர்ந்து பார்ப்போம்.