தூங்குமூஞ்சியின் இடது கன்னம்

தூங்குமூஞ்சியின் இடது கன்னத்தில் சர்வேயரின் கட்டைவிரல் ரேகை ஊதா நிறத்தில் பதிந்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் உருட்டி எடுத்தால்கூட அவ்வளவு சுத்தமாக விழாது.

காரணம் ஸ்டாம்ப் பேட். எரிந்த கடை, நசுங்கிய கார், தண்ணீர் புகுந்த கிடங்கு எல்லாவற்றையும் போய்ப் பார்த்து, நஷ்டம் எவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது சர்வேயரின் வேலை. அன்று பகல் வீட்டிலேயே உட்கார்ந்து ரிப்போர்ட்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் மனைவி, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபிலிருந்து போன் செய்தாள்.

"ஏங்க, அஞ்சு மணிக்கு டாக்டரம்மா வராங்க, ஞாபகம் இருக்கில்ல? நெமுபோவை மட்டும் கண்ணாடிக் கூண்டுலேருந்து எடுத்து ஹால் மேஜை மேல வெச்சிடுங்க. கையைக் கழுவிட்டு எடுங்க."

"இதைக்கூடச் சொல்லணுமா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

கழுவவில்லை. கழுவியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சர்வேயரின் மனைவி ஜப்பான் வீடியோ கேம் பொம்மைகள் சேர்க்கிறவள். கேமில் ஓடுகிற, குதிக்கிற, உருளுகிற ஆசாமிகளையெல்லாம் பஞ்சு அடைத்து, மெத்துமெத்தென்று தைத்த பொம்மைகள். இருநூற்றுப் பதினாலு உருப்படி. ஒரு அறை முழுக்க அலமாரி. வெயில் பட்டால் நிறம் போகும் என்று அந்த அறை ஜன்னலுக்கு இரட்டைத் திரை. சர்வேயரின் சட்டைகள் மட்டும் துணி காயப்போடும் கொடியிலேயே குடியிருந்தன, வைக்க இடமில்லை.

அந்த இருநூற்றுப் பதினாலில் ராஜா நெமுபோ. எப்போதும் தூங்கி வழிந்துகொண்டே உருளும் ஒரு ஆட்டுக்குட்டி. பாதி மூடிய கண், இரண்டு குட்டிக் காது, முப்பது வருஷத்தில் பழுத்துப்போன பழுப்பு ரோமம். கடையில் விற்றதே இல்லை. அந்தக் காலத்து ஜப்பான் விளையாட்டுக் கூடங்களில், கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்புக் கொக்கியை இறக்கித் தூக்கினால்தான் உண்டு. சர்வேயர் தனக்குள் அதற்கு வைத்திருந்த பெயர் தூங்குமூஞ்சி. மனைவி காதில் விழும்படி ஒரு தடவை சொல்லிவிட்டு, மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்.

அதைக் கொண்டுவந்தவர் மாமனார். கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். மகளுக்கு ஏழு வயதாகும்போது பத்து மாதம் கழித்துக் கரையிறங்கி வீட்டுக்கு வந்தார். மகளுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா கூப்பிடவே இல்லைங்க. பெட்டியைத் திறந்து இவனை எடுத்துக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார வெச்சார். நான் மெல்ல வெளியே வந்தேன். அப்புறம்தான் அப்பாவையே பார்த்தேன்." இதை அவள் சர்வேயரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கன்னத்தில்தான் இப்போது ஊதா ரேகை.

மாமனார் ஹால் மூலையில் பேப்பரை விரித்துக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. சர்வேயர் பொம்மையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு குளியலறைக்கு நழுவினார்.

முதலில் ஈரத் துணியால் ஒற்றினார். ரேகை போய்விட்டது. ரேகை இருந்த இடம் முழுக்க ஊதாவாகிவிட்டது. யாரோ ஓங்கி அறைந்த மாதிரி கன்னம் கன்றிப்போய், தூங்குமூஞ்சி பாதிக் கண்ணால் அவரையே பார்த்தது.

"பார்க்காதே," என்றார் சர்வேயர். தலையிலிருந்து கால்வரை பாத்திர சோப்பைப் போட்டு வாளியில் முக்கினார்.

ஊதா இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. ஊதாவுக்குப் பின்னால் பழுப்பும் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷப் பழமை வாளித் தண்ணீரில் கரைந்து ஓடியது. கையில் மிஞ்சியது தும்பைப் பூ மாதிரி வெள்ளை ஆட்டுக்குட்டி. நேற்றுத்தான் தைத்ததுபோல் பளபளவென்று சிரித்தது.

மணி இரண்டு. முதலில் காய வைப்போம், பிறகு யோசிப்போம் என்று மனைவியின் ஹேர் டிரையரை முழுச் சூட்டில் வைத்துப் பிடித்தார். வலது காதிலிருந்து ஒரு தினுசாகப் புகை வந்தது. தொட்டுப் பார்த்தார். ரோமம் உருகி, காது அப்பளமாய் விறைத்திருந்தது.

சர்வேயர் அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் இல்லாத நஷ்டத்தையெல்லாம் பார்த்தவர். கடையைத் தானே கொளுத்திவிட்டு, 'தானா எரிஞ்சது சார்' என்று கண்ணீர் விட்டவர்களைப் பார்த்தவர். அதிலும் 'நான் வரும்போதே அப்படித்தான் இருந்தது' என்கிற வாக்கியம் இருக்கிறதே, பத்தொன்பது வருஷத்தில் அதைச் சொன்ன ஒருத்தரையும் அவர் நம்பியதில்லை. இப்போது அதையே தான் சொன்னால் எப்படி இருக்கும் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. உதிக்காமலே இருந்திருக்கலாம்.

அவர்களுக்குக் கல்யாணமான வருஷம், ஜப்பான் கம்பெனி அதே நெமுபோவை அதே அச்சில் மறுபடி தைத்து விற்றது. புதுசு என்பதால் மனைவி அதையும் ஒன்று வாங்கி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தாள். சர்வேயர் ஓடிப்போய் அதை எடுத்து வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தார். துவைத்த பழசும் துவைக்காத புதுசும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன, ஒன்றுக்குக் காது கருகியதைத் தவிர.

"அந்தக் காலத்துத் துணி, என்ன தரம் பாரு," என்று அந்த அவசரத்திலும் வியந்தார்.

திட்டம் இதுதான். புதுசைப் பழசாக்க வேண்டும். பழசைப் புதுசின் இடத்தில், கருகிய காது சுவர்ப் பக்கம் போகிற மாதிரி உட்கார வைக்க வேண்டும். ஒரே இடைஞ்சல், பின்புறத்தில் தைத்திருந்த துணி லேபிள். பழசின் லேபிள் மங்கிப்போன மஞ்சள், ஜப்பான் எழுத்து. உண்மையான பழசா என்று பொம்மை சேர்க்கிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்த லேபிளைத்தான். அதைப் பிரித்து இதில் வைக்க வேண்டும்.

பிளேடால் பிரித்தார். கறுப்பு நூலில் நாலே தையல், அதுவும் கோணல்மாணலாக.

"கையாலயே தெச்சிருக்கான் பாவம். மெஷின் இல்லாத காலம் போல," என்று அந்த முகம் தெரியாத ஜப்பான்காரனுக்காக இரக்கப்பட்டார். அதே ஓட்டைகளில் அதே மாதிரி கோணலாக, கறுப்பு நூலில் தைத்தார். விரலில் மூன்று இடத்தில் ஊசி ஏறியது.

இனி நிறம். பழுப்பு. வீட்டில் பழுப்பாக என்ன இருக்கிறது?

டீத்தூள்.

அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. ஒரு கை போட்டார். போதுமா என்று சந்தேகம் வந்தது. இன்னொரு கை போட்டார். முப்பது வருஷமாயிற்றே என்று டப்பாவையே கவிழ்த்தார்.

"மாப்பிள்ளை!" ஹாலிலிருந்து குரல் வந்தது. "டீ வாசனை ஆளைத் தூக்குதே. எனக்கும் அரை கப் குடுங்களேன்."

சர்வேயர் பாத்திரத்தை அவசரமாக மூடினார். "டீ இல்ல மாமா! பாத்திரத்துல கறை. டீத்தண்ணி ஊத்திக் கழுவினா போயிடுமாம்."

"ஓஹோ," என்றார் மாமனார். "அப்போ சரி."

முக்கி எடுத்தார். துண்டில் சுற்றிப் பிழிந்தார். இந்தத் தடவை டிரையரை மிதமான சூட்டில், ஒரு முழம் தள்ளி, கை வலிக்க வலிக்கப் பிடித்தார். புது நெமுபோ பழுப்பானது. கொஞ்சம் அதிகமாகவே பழுப்பானது. முப்பது வருஷம் கேட்டால் அறுபது வருஷம் கொடுத்திருந்தது டீத்தூள்.

மீண்டும் துவைக்கலாமா என்று யோசிக்கும்போதே வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மணி நாலரை. சர்வேயர் ஒன்றை மேஜை மேலும் மற்றதைக் கீழ்த்தட்டிலும் வைத்துவிட்டு, ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார்.

மனைவி மட்டும் வரவில்லை. கூடவே டாக்டரம்மாவும் வந்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பல் டாக்டர், பொம்மை சேர்ப்போர் சங்கத்தின் தலைவி. அடுத்த மாதக் கண்காட்சியில் நட்ட நடுவில் வைக்கப்போகும் ஒரே ஒரு பொம்மையைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு அவருடையது. கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கும் அழகிலேயே சர்வேயருக்குப் பல் கூசியது.

"வழியிலேயே பார்த்துட்டேன், கூட்டிட்டு வந்துட்டேன்," என்றாள் மனைவி. மேஜையைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "ஏங்க, இவன் கொஞ்சம் கறுத்த மாதிரி இல்ல?"

சர்வேயர் முகத்தில் ஈயாடவில்லை.

மூலையில் பேப்பர் சரசரத்தது. "கூண்டுக்குள்ள வெச்சே பார்த்துப் பழகிட்டே. நான் கொண்டு வந்தப்பவே அப்படித்தான்மா இருந்தது," என்றார் மாமனார்.

சர்வேயர் அந்த வாக்கியத்தைத் தேவவாக்காக ஏற்றுக்கொண்டார். மாமனாரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டரம்மா பொம்மையைத் தூக்கினார். கண்ணைப் பார்த்தார். காதைப் பார்த்தார். திருப்பி லேபிளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கைத்தையல் மாதிரி தெரியுதே?"

"அப்படியா?" என்றார் சர்வேயர்.

"ரொம்ப ஆரம்பத்துல வந்த சரக்கா இருக்கும். இந்த மாதிரி லேபிளை நான் போட்டோவுலதான் பார்த்திருக்கேன்." பூதக்கண்ணாடி நகர்ந்தது. அடிப்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். "கொஞ்சம் ஈரமா இருக்கே?"

"பழைய பஞ்சு டாக்டர்," என்றார் மாமனார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுக்கும். கப்பல்ல எத்தனை பார்த்திருக்கேன்."

இன்ஜினியர் சொன்னால் யார் மறுக்க முடியும்? டாக்டரம்மா தலையாட்டினார். பிறகு பொம்மையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். சர்வேயர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். முடிந்தது. எல்லாம் முடிந்தது. இனி கொடியில் சட்டையோடு சட்டையாகத் தானும் தொங்க வேண்டியதுதான்.

"ஆகா," என்றார் டாக்டரம்மா. "இந்த வாசனைதான்! சரியான பழசுக்குத்தான் இப்படி ஒரு வாசனை வரும். காசு குடுத்தாலும் கிடைக்காது. இவன்தாம்மா கண்காட்சிக்கு நடுநாயகம்."

மனைவி பொம்மையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்ணில் மளமளவென்று தண்ணீர். "அப்பா, கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு இருந்த அதே வாசனைப்பா."

"இருக்காதா பின்னே," என்றார் மாமனார். பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி அவர் முகத்தை மறைத்தது.

"இருங்க டாக்டர், டீ போட்டுட்டு வரேன்." மனைவி சமையலறைக்குள் போனாள். டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "ஏங்க! முந்தாநேத்துத்தானே டீத்தூள் வாங்கினேன்? டப்பா சுத்தமா காலியா இருக்கு!"

சர்வேயர் ரிப்போர்ட்டின் பக்கத்தைப் புரட்டினார்.

"நான்தாம்மா," என்றார் மாமனார். "காலையிலேருந்து ஒரே தலைவலி. டீயாக் குடிச்சேன்."

"இப்படியாப்பா குடிப்பாங்க? உடம்பு என்னத்துக்கு ஆகும்!"

டீ கிடைக்காத டாக்டரம்மா அதைப் பொருட்படுத்தாமல் எழுந்தார். திறந்திருந்த பொம்மை அறையின் கீழ்த்தட்டுப் பக்கம் அவர் பார்வை ஒருமுறை போனது, "அட, மறுபதிப்பும் வெச்சிருக்கீங்களா?" என்றார். ஆனால் மறுபதிப்பைத் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு அவருக்கு மனசில்லை. மனைவி அவரை வழியனுப்ப வாசலுக்குப் போனாள். இரண்டு பேரின் சிரிப்பும் வெளியே தேய்ந்தது.

சர்வேயர் நாற்காலியில் சரிந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தப்பித்த சந்தோஷத்தைவிட அவளை ஏமாற்றிவிட்டோம் என்கிற குற்ற உணர்ச்சிதான் பெரிதாக இருந்தது. அவள் அப்பா கடல் தாண்டிக் கொண்டுவந்ததைக் காது கருக்கி மூலையில் ஒளித்தாயிற்று. இந்த மனுஷர் ஒன்றும் தெரியாமல் தனக்காகப் பழி வேறு ஏற்றுக்கொண்டார்.

"மாமா," என்று ஆரம்பித்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…"

மாமனார் பேப்பரை நாலாக மடித்து வைத்தார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"லேபிள் தையல் என்னுதைவிடப் பரவாயில்ல மாப்பிள்ளை, டீத்தூள்தான் ஜாஸ்தி. உங்க கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் ரெண்டே ஸ்பூன்தான் போட்டேன்."