புலிக்குப் பத்தியம்

ஒரு காட்டில் இரண்டு புலிகளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு காட்டுக்கு ஒரு புலிதானே வழக்கம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நடுவில் ஓர் ஓடை இருந்தது. கிழக்குக் கரை பூலோகம் என்ற புலிக்கு, மேற்குக் கரை கனகவேல் என்ற புலிக்கு என்று அவர்களே பாகம் பிரித்துக்கொண்டு, முகம் பார்க்காமல் வாழ்ந்துவந்தார்கள். காட்டை ஒட்டி நாலுவழிச் சாலை வந்தது. லாரிக்காரர்கள் அடிக்கிற ஹாரனில் இரண்டு பேருக்கும் கண் மூட முடியவில்லை. தூங்காத புலி என்ன செய்யும்? சாப்பிடும். பொழுது போகாவிட்டால் மறுபடியும் சாப்பிடும்.

முன்பெல்லாம் புலி தூங்குகிற நேரம் பார்த்து மேய்ந்து, தண்ணீர் குடித்து, நாலு வம்பும் பேசிவிட்டு வந்த மான்களுக்கு இப்போது தலை குனிந்து ஒரு வாய் புல் கடிக்க வழியில்லை. மேற்குக் கரையில் தையல்நாயகி என்றொரு புள்ளிமான் இருந்தாள். அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். குட்டிக்குக் கால் இன்னும் நேராக நிற்கவில்லை. அது ஓடப் பழகும்வரை புலி தூங்கித் தொலைய வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு வேண்டுதல் கிடையாது.

இந்த நேரத்தில்தான் டாக்டர் மங்களாம்பிகை வந்து சேர்ந்தார். பிறப்பால் உடும்பு. ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாயில் பல வருஷம் குடியிருந்து, ஜன்னல் வழியாகவே படித்துத் தேறியவர். நேர்மையானவர். அதில் சந்தேகமே இல்லை. மலை மேல் கிடைக்கிற ஒரு வேரை அரைத்து உருட்டிக் கொடுத்தால் தூக்கம் வரும் என்று அவர் சொன்னதும், தையல்நாயகி ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"ரெண்டு பேருக்கும் குடுத்துருங்க டாக்டரம்மா. நீங்க நல்லா இருப்பீங்க."

"ரெண்டு பேருக்கும் குடுத்தா எப்படிம்மா? ஒருத்தருக்கு மருந்து. இன்னொருத்தருக்கு அதே நிறத்துல விளாம்பழ உருண்டை. அப்பதானே தூக்கம் மருந்தால வந்துச்சா, தானா வந்துச்சான்னு தெரியும்?"

"தூக்கம் வந்தாப் போதாதா? எதால வந்தா நமக்கென்ன?"

டாக்டர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். படிக்காதவர்களிடம் பேச நேர்ந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

"சரி, யாருக்கு மருந்து, யாருக்கு விளாம்பழம்? அதையாவது சொல்லுங்க."

"எனக்கே தெரியாது. தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும். ஆமைக்கு மட்டும்தான் தெரியும்."

ஆமை அப்போதே சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன உருண்டை என்று பிரித்துக் கொடுத்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஆய்வு முடியும்வரை வெளியே நீட்டுவதில்லை என்று சத்தியமாம்.

"புலிங்க ரெண்டு பேர்கிட்டயும் முறைப்படி சம்மதம் வாங்கிட்டேன்" என்றார் டாக்டர்.

"எங்க சம்மதம்?"

"ஆய்வுல கலந்துக்கிறது புலிங்கதானேம்மா."

"அப்ப நாங்க யாரு?"

"நீங்கதான் அளவுகோல். எந்தக் கரையில மான் கொறையுதோ, அந்தக் கரையில மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தம்."

அளவுகோலாக இருப்பதைவிட நோயாளியாக இருப்பது எவ்வளவோ மேல் என்று தையல்நாயகிக்குத் தோன்றியது.

சம்மதம் வாங்கும்போது மருந்தின் நன்மை தீமை இரண்டையும் டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். நன்மை, தூக்கம். தீமை, வாய் உலரலாம், தலை சுற்றலாம், மீசை உதிரலாம், காரணமில்லாமல் அழுகை வரலாம். பூலோகம் இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கனகவேல் பயந்த சுபாவம். "இன்னொருக்கா சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

விளைவு என்னவென்றால், உருண்டை தொண்டையில் இறங்குமுன்பே கனகவேலுக்கு வாய் உலர்ந்தது. பிறகு தலை சுற்றியது. இடது பக்க மீசையில் பாதி உதிர்ந்தது. சாயங்கால வெயிலைப் பார்த்து விசும்பி விசும்பி அழுதார். தூக்கம் மட்டும் வரவில்லை. கிழக்கே பூலோகம் விட்ட குறட்டை இந்தக் கரைக்குக் கேட்டது.

குறட்டையைக் கேட்டபின் மான்களைப் பிடித்து நிறுத்த முடியுமா? கூட்டம் கூட்டமாக ஓடையில் இறங்கிக் கிழக்கே நீந்தின. தையல்நாயகியின் புருஷன் கொம்பையாவும் கிளம்பிவிட்டான்.

"நான் முன்னால போயி நல்ல எடமா பிடிச்சு வைக்கேன்" என்றான்.

"குட்டி எப்படிங்க நீந்தும்? தண்ணி வேற ஏறுது."

"அதுக்குத்தான் சொல்லுதேன், பெறவு வா. எல்லாரும் நின்னா எடம் போயிரும்."

போய்விட்டான். தையல்நாயகி டாக்டரிடம் ஓடினாள். யாருக்கு மருந்து என்று தெரிந்துவிட்டால், குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டாவது ஓடையில் இறங்கிவிடலாம், அல்லது இங்கேயே நம்பி இருந்துவிடலாம்.

"ஆமைகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க டாக்டரம்மா. உங்க கால்ல விழுதேன்."

"சொன்னா ஆய்வு கெட்டுரும்மா."

"சொல்லலைன்னா எம்புள்ள போயிரும்."

"போனா அதையும் சேத்துக்குவோம்" என்றார் டாக்டர், ஆறுதலாக.

அன்று மத்தியானமே கனகவேல் வந்தார். கரையில் மிச்சமிருந்த மான் இவள் ஒருத்திதான். ஓடியிருக்கலாம். குட்டியை விட்டுவிட்டு எங்கே ஓடுவாள்? குட்டியை வயிற்றுக்கடியில் மறைத்து நின்றாள். புலியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டிக்கொண்டிருந்தது. எதிரில் ஒருவர் அழும்போது விசாரிக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

"என்னங்கய்யா, ஒடம்புக்கு முடியலையா?"

"மருந்து சாப்பிடுதேன். சொன்ன தொந்தரவெல்லாம் ஒண்ணு விடாம வந்துட்டு. தூக்கம்தான் வரல."

"பத்தியம் இருக்கீங்களா?"

அவள் யோசித்துக் கேட்கவில்லை. மருந்து என்று யாராவது சொன்னால் அந்தக் காட்டில் எந்த வாயிலும் அடுத்து வருகிற கேள்வி அதுதான். ஆனால் கனகவேலின் அழுகை சட்டென்று நின்றது.

"பத்தியமா? அந்தம்மா ஒண்ணுமே சொல்லலியே! எனக்கு அப்பமே சந்தேகம். பத்தியம் இல்லாம அது என்ன மருந்து? நீ சொல்லும்மா, என்னென்ன ஆகாது?"

தன் உயிரும் குட்டியின் உயிரும் தன் நாக்கு நுனியில் வந்து நிற்பது தையல்நாயகிக்கு அப்போதுதான் புரிந்தது.

"கத்திரிக்கா ஆகாது."

"நான் அதைத் தொடுறதே இல்ல."

"கருவாடு?"

"இல்ல."

"பாருங்க, பாதிப் பத்தியம் உங்களை அறியாமலே இருந்திருக்கீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு. மான்கறி."

"மான்கறியா?"

"சூடுங்கய்யா. மருந்தை முறிச்சிரும். அதுலயும் எளங்குட்டின்னா நேரா மூளைக்கு ஏறிரும்."

கனகவேல் குட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். எச்சிலை விழுங்கினார். பிறகு பெருமூச்சு விட்டார். "மருந்துன்னா இப்படி நாக்கைக் கட்டணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். போய்ப் படுத்தவர் மறுநாள் வெயில் முதுகில் சுடும்வரை எழுந்திருக்கவில்லை.

சேதி பரவியது. தையல்நாயகியின் புதருக்கு முன்னால் வரிசை நின்றது. தன்னையும் பத்தியத்தில் சேர்க்கச் சொல்லி முயல் வந்தது. முயல்கறி வாயு என்று சேர்த்தாள். காட்டுப்பன்றி, கரப்பான். மயில், குளிர்ச்சி. காட்டெருமை, மந்தம். நண்டுகூட வரிசை கலையாமல் பக்கவாட்டில் நகர்ந்து வந்து, பித்தம் என்று சொல்ல வைத்துவிட்டுப் போனது. அவளுக்கு யாரையும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கனகவேல் நாவல்பழம் தின்று எலும்பும் தோலுமானார். ஆனால் என்ன தூக்கம்!

அக்கரையில் நடந்தது வேறு. பூலோகம் பகலெல்லாம் குறட்டை விட்டுவிட்டு, நன்றாகத் தெளிந்து, அகோரப் பசியோடு எழுந்தார். இரண்டு கரை மான்களும் அவர் வாசலிலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தன. எட்டிப் பிடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கொம்பையா வால் இல்லாமல் நீந்தித் திரும்பினான். "எடம் சரியில்ல" என்றான்.

ஆய்வு முடிந்தது. ஆமை தலையை நீட்டி உண்மையைச் சொன்னது. பூலோகம் தின்றது நிஜ மருந்து. கனகவேல் தின்றது விளாம்பழம். கிழக்கே பாதி மான் இல்லை. மேற்கே புலி ஒரு மானைக்கூடத் தொடவில்லை. டாக்டருக்குத் தலை சுற்றியது, அவர் எந்த உருண்டையும் சாப்பிடாமலே. வரிசையில் நின்ற பன்றி அவரிடம் பத்தியச் சங்கதியைச் சொன்னது.

"ஆதாரமே இல்லாத பேச்சு!" என்று டாக்டர் கொதித்தார். "நான் போய்க் கனகவேல்கிட்ட உண்மையைச் சொல்லணும். ஆய்வுல கலந்துகிட்டவருக்கு அது உரிமை."

"வேண்டாம் டாக்டரம்மா, குட்டி இன்னும் ஓடப் பழகலை" என்று கதறிக்கொண்டே தையல்நாயகி பின்னால் ஓடினாள். கொள்கையைப் பிடித்தால் விடாத பிறவி, நிற்பாரா?

"கனகவேல், நீங்க சாப்பிட்டது மருந்தே இல்ல. வெறும் விளாம்பழம்" என்று டாக்டர் போட்டு உடைத்தார்.

கனகவேல் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பட்டினியில் யோசனை மெதுவாகத்தான் வந்தது.

"அப்ப எனக்குத் தூக்கம் வந்தது உருண்டையால இல்ல. பத்தியத்தால!" என்றார். "அப்படின்னா இதை உயிருள்ளமட்டும் விடப்படாது."

"பத்தியத்துக்கு ஆதாரமே கிடையாது!"

"சரி டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க, ஒண்ணு கேக்கேன். உடும்புக்கறி ஒடம்புக்கு நல்லதுங்கிறாங்களே?"

"அதுக்கும் ஆதாரம் இல்ல."

"கெட்டதுன்னு?"

தையல்நாயகிக்குப் பதறியது. என்ன இருந்தாலும் நல்லது செய்ய வந்தவர். "ஆகாதுன்னு சொல்லுங்கம்மா! ஒரே ஒரு வார்த்தை!" என்று கத்தினாள்.

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "தெரியாததைத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன். அதைப்பத்தி இதுவரை யாரும் ஆய்வே பண்ணலை."

"அப்ப நாமளே பண்ணிருவோம்" என்றார் கனகவேல்.

சின்ன ஆய்வுதான், சட்டென்று முடிந்துவிட்டது. வாய் உலரவில்லை, தலை சுற்றவில்லை, அழுகை வரவில்லை என்று கனகவேல் தாமாகவே அறிவித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நீதி: மருந்து ஆராய்ச்சியில் உண்மை பேசுவது மிகவும் முக்கியம், அதற்கு முன்னால், பத்தியத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.