ஆள் கீழே இருக்கும்போது ஆஃப் பண்ணக் கூடாது

உலகத்திலேயே மெதுவாகப் பதில் சொல்கிற மனிதன் தினமும் காலையில் எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறுகிறான். என் பக்கத்து சீட்டில்தான் உட்காருகிறான். ஆகவே இது கேள்விப்பட்ட கதை அல்ல, அனுபவித்தது.

அவனுக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அது ஆதார் அட்டையோடு சரி. எங்கள் லைனில், பழைய சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் அவன் லோடிங். ஏதாவது கேட்டால் கண் இரண்டும் மேலே போய்விடும். வாய் லேசாகத் திறந்துகொள்ளும். பதில் உள்ளே தயாராகிறது என்று அர்த்தம். ரயில் ஏறும்போது "டீ குடிக்கிறியாடா?" என்று கேட்டால், பங்காருபேட்டை தாண்டி, டீக்காரர் இறங்கிப் போன பிறகு, "ஆங், குடிக்கலாம்" என்பான். பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணு புடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டார்கள். இவன் மேலே பார்த்தான். வீட்டுக் கூரையில் ஏதோ குறை கண்டுபிடிக்கிறான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மறு வாரம் "புடிச்சிருக்கு" என்று சொல்லியனுப்பினான். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஆம்பூரில் நிச்சயமாகிவிட்டது.

ஆனால் கேள்வி கேட்பதில் மட்டும் ஆள் படுவேகம். அதுவும் கம்ப்யூட்டர், வீடியோ கேம், சினிமா என்றால் கேட்கவே வேண்டாம். பெங்களூரில் ஒரு கடையில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறான். அப்படியும் ஆசை தீரவில்லை. ரயிலில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"சினிமால கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஏன் கீச்கீச்னு கத்துது? எங்க கடைக்கு அப்படி ஒண்ணு வந்தா மொதல்ல அந்தச் சத்தத்தத்தான் ரிப்பேர் பண்ணுவேன்."

"அது சும்மா ஒரு இதுக்குடா."

"கேம்ல ஹீரோவுக்கு மூணு உயிரு. மொத ரெண்டு உயிரு போனப்போ அவன் வூட்டுக்குச் சொல்லி அனுப்புவாங்களா, மாட்டாங்களா?"

"தெரியலடா."

"நாம ஆஃப் பண்ணதும் கேம்ல நிக்கிறவங்க எல்லாம் எங்க போவாங்க?"

"தூங்குவாங்கடா. நானும் தூங்கறேன், வுடு."

"நின்னுக்கினேவா?"

ஒருமுறை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு புதுப் படத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். கதாநாயகன் கையில் தீப்பந்தத்தோடு சுரங்கத்துக்குள் குதிக்கிறான், பின்னால் வில்லனின் ஆட்கள். தியேட்டரே விசிலடிக்கிறது. இவன் மட்டும் பக்கத்து சீட்டுப் பெரியவரிடம், "கீழ காத்து எங்கேர்ந்து வருதுங்க?" என்றான். எங்கள் ஊரில் அந்த வயதில் யாரிடம் கேட்டாலும் அவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவராகத்தான் இருப்பார். அவர் சீட்டில் திரும்பி உட்கார்ந்து காற்று வரும் வழியை விளக்க, பின் வரிசையில் இன்னொருவர் அதை மறுக்க, முன் வரிசை இரண்டு பேரையும் அடக்க, அந்தப் படத்தில் வில்லன் செத்தானா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் குணம் அவனுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. லோடிங்கின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கும் ஒரே ஒரு கேள்வி உண்டு. கல்யாணமாகி வந்த நாள் முதல் சுரங்கம் மூடும்வரை புருஷனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவர். அந்த டிபன் பாக்ஸ் கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டில், ஏறி எங்கே போனது, எந்த இடத்தில் திறக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. பெண்களைக் கீழே விடுவதில்லை. லோடிங்கின் அப்பாவான மாமாவைக் கேட்டால், "கீழ இருட்டு கீது" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. சுரங்கம் மூடி, தண்ணீர் நிரம்பி, மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கேள்வி மட்டும் அத்தையிடம் தங்கிவிட்டது. போன வருஷம் ஒரு நாள் மகனிடம், "இத்தினி கேம் ஆடறியே. அப்பா வேல செஞ்ச எடத்த அதுல காட்டுவியா? எனக்குக் கண்ணு நல்லா இருக்கும்போதே பாத்துடறேன்" என்றார். இவன் கண் மேலே போயிற்று. பத்து நாள் கழித்து, தோசைக்குச் சட்னி வைக்கும்போது, "காட்றேம்மா" என்றானாம். "இன்னாத்தடா?" என்று அத்தை கேட்டாராம்.

அன்று முதல் ராத்திரி பகல் என்று பாராமல் ஒரு கேம் செய்ய உட்கார்ந்துவிட்டான். ஆலோசகராக மேஸ்திரி மாமாவைப் பிடித்தான். அவன் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கிய சுரங்க மேஸ்திரி, இப்போது பென்ஷன்காரர். முதல் தடவை கேமைப் பார்த்ததுமே அவருக்குக் கோபம்.

"இது இன்னாப்பா, கல்யாண மண்டபமாட்டம் இவ்ளோ வெளிச்சம்?"

லோடிங் வெளிச்சத்தைக் குறைத்தான். போதவில்லை. இன்னும் குறைத்தான். கடைசியில் திரை முழுக்க ஒரே கறுப்பு. தலை விளக்கு விழும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். லைன் பிள்ளைகள் ஆசையாக வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, உங்க மானிட்டர் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள்.

விளையாட்டு என்றால் எதிரி வேண்டுமே என்று ஒரு பூதத்தை வைத்திருந்தான். மேஸ்திரி மாமா அதை முறைத்துப் பார்த்தார்.

"பூதம்லாம் கெடையாது. கரப்பாம்பூச்சி இருந்துச்சு."

பூதம் போய்க் கரப்பான்பூச்சி வந்தது. பிறகு மேஸ்திரி மாமாவுக்குத் தானும் அதில் இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சரி என்று ஒரு உருவம் செய்தான். மீசை சிறியது என்றார். பெரியதாக்கினான். அதிகாரமாக நடக்க வேண்டும் என்றார். நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி நடக்க வைத்தான். மறுபடி மீசை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேமை மூடி மூடித் திறந்து அலுத்துப்போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பிலிருந்து ஆட்களை மாற்றுகிற மாதிரி ஒரு வழி செய்துகொண்டான். மீசைக்காகச் செய்த அந்த ஏற்பாட்டை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக மேஸ்திரி மாமா சொல்லி டோக்கன் பலகையும் வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொருவரும் தன் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் விளக்கை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை எடுத்துக்கொள்ளலாம். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நான் நியாயமாக ஒன்று கேட்டேன். "ஏன்டா, எதிரி இல்ல, ஸ்கோர் இல்ல, தங்கம் எடுத்தாலும் கம்பெனிக்குத்தான் போவுது. இதுல ஜெயிக்கிறது எப்படி?"

கண் மேலே போயிற்று. எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறப்பு விழா. அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஸ்திரி மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லோடிங் பின்னால் தன் லேப்டாப்போடு. மணி அடித்தது, கேஜ் இறங்கியது. அத்தை அம்புக்குறிப் பட்டன்களை அழுத்தி அழுத்தி எல்லாச் சுவரிலும் முட்டினார். சுவரைப் பார்த்து, "கொஞ்சம் நவுருப்பா" என்றார். மேஸ்திரி மாமாவின் உருவம் மீசையோடு குறுக்கே போனதும், "இங்கயும் நீதானா" என்று அலுத்துக்கொண்டார்.

ஒரு திருப்பம் தாண்டியதும் வெளிச்ச வட்டத்தில் ஒரு முதுகு தெரிந்தது. மரக்கட்டை மேல் ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிபன் பாக்ஸ். அத்தையின் கை நின்றுவிட்டது.

"ஏன்டா முதுகக் காட்டிக்கினு உக்காந்திருக்காரு?"

லோடிங்குக்குப் பொய் சொல்ல வராது. பொய்க்கும் லோடிங் ஆகும். கொஞ்ச நேரம் கழித்து, "மூஞ்சி சரியா வரலம்மா" என்றான்.

"பரவால்ல. வூட்லயும் அப்படித்தான் சாப்புடுவாரு."

அத்தை அந்தக் கட்டையை, சுவரை, மேலே சொட்டுகிற தண்ணீரை எல்லாம் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷக் கேள்விக்குப் பதில் பார்க்கிற முகம் அது. அதற்குள் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. அத்தை திரும்பி வந்து கேஜ் ஏறி மேலே வந்துவிட்டார். மேஸ்திரி மாமாவின் உருவமும் கூடவே ஏறியது. பலகையிலிருந்து இருவர் டோக்கனும் இறங்கின. இன்னொன்று தொங்கிக்கொண்டே இருந்தது.

"அது யாருது?"

"அப்பாதும்மா."

"அவரு ஏன் வரல?"

"அவர நான் உக்கார மட்டும்தாம்மா வெச்சேன். எழுந்து நடக்கறது செய்யல. அடுத்த மாசம் செஞ்சிடறேன்." எழுந்து வந்து கேமை மூடக் கை நீட்டினான்.

அத்தை அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"ஆள் கீழ இருக்கும்போது ஆஃப் பண்ணுவியா? பாத்திரம் கடகடன்னு ஆடும்போதெல்லாம் கீழ பாறை வெடிச்சிடுச்சின்னு ஓடிப்போய் யாரு டோக்கன் தொங்குதுன்னு பாத்தவடா நானு. அவரு மேல வர்ற வரைக்கும் யாரும் இத்தத் தொடக் கூடாது."

"அம்மா, அது படம்மா."

"தெரியும். தொடாத."

மேஸ்திரி மாமா, "அக்கா சொல்றது சரிதாம்பா" என்று அத்தை பக்கம் சேர்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மேசைக்கடியில் யூபிஎஸ் கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. பழைய பேட்டரி, கொஞ்ச நேரம்தான் தாங்கும். எங்கள் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுக்க நான் ஓடினேன். இருந்த ஒயரையெல்லாம் சேர்த்து இழுத்தும் அவர்கள் ஜன்னலுக்கு ஒரு முழம் போதவில்லை. ஒயர் முனையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக, "லோடிங், ஏதாவது செய்டா" என்றேன்.

லோடிங்கின் கண் மேலே போயிற்று. வாய் லேசாகத் திறந்தது. போச்சு என்று நினைத்தேன்.

அத்தை திரும்பாமலே, "டேய், இப்ப வாணாம்டா அது" என்றார்.

என் ஆயுளில் முதல் தடவையாக அந்தக் கண் பாதியில் இறங்கி வந்தது. "சரிம்மா" என்று உடனே பதில் வந்தது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினான். யூபிஎஸ் கத்துவது வேகமாயிற்று. அத்தை மறுபடி கேஜ் ஏறிக் கீழே போய் அந்த முதுகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். முதுகு அசைந்தது. ஆள் எழுந்தார். நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, மிக அதிகாரமாகக் கேஜை நோக்கி நடந்தார்.

"இது அவரு நடை இல்லையே" என்றார் அத்தை.

"மேஸ்திரி மாமா நடைம்மா. கைல ரெடியா அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"சரி, வரட்டும்." அத்தை கூடவே நடந்தார். இருவரும் ஏறினார்கள். மணி அடித்தது, கேஜ் மேலே வந்தது. பலகையில் ஒரு டோக்கன் கூட இல்லை. அத்தை நாற்காலியில் சாய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஆஃப் பண்ணிக்கோ" என்றார். அவன் ஆஃப் பண்ண வேண்டியிருக்கவில்லை. யூபிஎஸ்ஸே பார்த்துக்கொண்டது.

அதற்கப்புறம் அத்தை அந்தக் கேமைக் கேட்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்றார். மேஸ்திரி மாமாதான் இன்னும் மீசை விஷயமாக வந்து போகிறார்.

திறப்பு விழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை, ரயிலில் லோடிங் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தான். நான் ஒன்றும் கேட்கவே இல்லையே, இவன் எதற்கு யோசிக்கிறான் என்று புரியவில்லை. பங்காருபேட்டை தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"எல்லாரும் மேல வந்துட்டா" என்றான்.

"இன்னாடா?"

"ஜெயிக்கிறது எப்படின்னு கேட்டியே. எல்லாரும் மேல வந்துட்டா ஜெயிச்ச மாதிரி."

சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான்.

எந்த வேலையிலும் மெதுவானவன், ஸ்டேஷனுக்கு மட்டும் நேரத்தில் வந்துவிடுவானா? ரயில் கிளம்ப ஊதிய பிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். முன்பெல்லாம் நான் பாட்டுக்கு ஏறி, அவனுக்கு ஜன்னலோரம் துண்டு போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இப்போது இடம் போட்ட பிறகும் உட்கார முடியவில்லை. கூட்டம் நெருக்க, பின்னால் இருப்பவர்கள் கன்னடத்திலும் தமிழிலும் திட்ட, அவன் தலை தெரிகிறவரை வாசற்படியிலேயே நிற்கிறேன்.