மச்சான் இல்லாத வழி

மூன்று மாநிலம், பத்து நாள் லீவு, ஒரே நிபந்தனை. என் மச்சான் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் இதை அறிவித்துவிட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு, திட்டவும் முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் மாற்றலாகி, நாங்கள் போகவிருந்த மூன்றாவது மாநிலத்தில் குடியேறியிருந்தார். அதற்கு முன் ஒருமுறை அவர் வீட்டில் நாலு நாள் தங்கினேன். என் நடை, என் தூக்கம், என் பென்ஷன், நான் பல் தேய்க்கும் விதம், எல்லாவற்றுக்கும் ஆலோசனை வழங்கினார். நாலாம் நாள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பாசி தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நாற்பது பஸ் என் கையெழுத்துக்குக் காத்திருந்து கிளம்பும். ஒரு காரை எனக்கு ஓட்டிப் போகத் தெரியாதா? வரைபடத்தை மேஜையில் விரித்து, மச்சான் ஊரைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்.

"இந்த வட்டத்துக்குள்ள நம்ம கார் நுழையாது."

"சரிங்க."

"அழக் கூடாது."

"எதுக்கு அழணும்? ரெண்டு வருஷமா அண்ணனைப் பார்க்கல. இன்னும் ரெண்டு வருஷம் பார்க்காம இருந்தா என்ன, முகம் மறந்தா போயிடும்?"

"மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"நீங்க எந்த வழி சொல்றீங்களோ அந்த வழி. நான் பாட்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்து வரேன்."

பதினெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சுருக்காகச் சரி சொன்னதில்லை. அன்றைக்கே நான் லீவை ரத்து செய்திருக்க வேண்டும்.

அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். முப்பத்தைந்து வாண்டுகளை ஒரு அதட்டல் போடாமல் மேய்க்கிறவள். "பாடம் எழுதுறியா?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்க மாட்டாள். "சிவப்புப் பென்சில்ல எழுதுறியா, பச்சைப் பென்சில்லயா?" என்பாள். பிள்ளை பெருமையாகப் பச்சையை எடுத்துக்கொண்டு உட்காரும். என்ன சாமர்த்தியம் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை கிளம்பினோம். எல்லையைத் தாண்டியதும் பலகைகளில் எழுத்து மாறியது. எனக்கு ஒன்றும் படிக்க வரவில்லை. வரைபடம் அவள் மடியில் இருந்தது.

"ஏங்க, ஆத்தோரமா ஒரு ரோடு போகுது. மலை மேல ஒண்ணு போகுது. எது?"

"மலையில வளைவு ஜாஸ்தி. ஆத்தோரம்."

"எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

ஆறு கிழக்கே போனது. நாங்களும் போனோம். காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். மச்சானும் கிழக்கேதான் இருக்கிறார் என்பது அந்தச் சுகத்தில் எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது மாநிலம்.

"பெரிய ரோடா, லாரி இல்லாத சின்ன ரோடா?"

"லாரி இல்லாததுதான்."

"அதானே. உங்களுக்கு ரோட்டைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்."

லாட்ஜிலும் முடிவு என்னுடையதுதான்.

"குழாய் ஒழுகுற ரூமா, ஃபேன் கத்துற ரூமா?"

ஃபேன் என்றேன். மறுநாள் ஊரில் குழாய் என்றேன். டிப்போவில்கூட நான் இத்தனை முடிவுகள் எடுத்ததில்லை. ஐந்தாம் நாள் காலை, செங்கல் போன்ற தலையணையின் புண்ணியத்தில் என் கழுத்து இடது பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. அன்றைக்கு இடது பக்கம் வண்டி திருப்புவது மட்டும் சௌகரியமாக இருந்தது.

அன்று மத்தியானம் மூன்றாவது மாநிலத்தில் பெட்ரோல் போட நிறுத்தினோம்.

"இன்னிக்கு ரெண்டு லாட்ஜ் இருக்குங்க. ஒண்ணு பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஒண்ணு மீன் மார்க்கெட்டை ஒட்டி."

"மெத்தைன்னு ஒண்ணு இருக்கிற இடமே இந்த ஊர்ல கிடையாதா? தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

"இருக்காங்க. நாப்பது கிலோமீட்டர்ல. ஆனா அது வட்டத்துக்குள்ள."

"நாப்பதுன்னா, நாம இப்பவே வட்டத்துக்குள்ளதானே இருக்கோம்?"

"நேத்தே வந்துட்டோம். நீங்க லாரி இல்லாத ரோடு கேட்டீங்களே."

நான் கழுத்தைத் தடவிக்கொண்டேன்.

"சரி, அங்கேயே போயிடலாம்."

"வேணாங்க. ஆம்பளைக்கு ஒரே பேச்சா இருக்கணும். மீன் மார்க்கெட்டே போலாம்."

"அங்க மெத்தை எப்படி?"

"அண்ணி போன மாசம்தான் புதுசா பஞ்சு மெத்தை போட்டாங்களாம். நமக்கெதுக்கு அதெல்லாம்?"

"அம்மா தாயே, வண்டியில ஏறு."

"அப்புறம் நான்தான் இழுத்துட்டுப் போனேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

அங்கேயே போனை எடுத்தாள்.

"அண்ணா, நான் வேணாம் வேணாம்னுதான் சொல்றேன். இவர்தான் உங்களைப் பார்த்தே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு."

மச்சான் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். கார் சரியாக நிற்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். அண்ணனும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு, "இளைச்சுட்டே", "நீங்கதான் இளைச்சுட்டீங்க" என்று மாறி மாறிச் சொன்னார்கள். இரண்டு பேருமே இளைக்கவில்லை. ஆனாலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் கழுத்துகூடக் கொஞ்சம் நேரானது.

உள்ளே அறையில் புது மெத்தை, துவைத்த விரிப்பு, நாலு தலையணை. உட்கார்ந்தேன். இதமாக அமுங்கியது.

"ஞாயித்துக்கிழமையே விரிச்சு வெச்சுட்டேன்," என்றாள் மச்சான் மனைவி, தண்ணீரை நீட்டியபடி.

அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆற்றோரம் அல்லவா போய்க்கொண்டிருந்தோம்? மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் திரையின் துணி நன்றாயிருப்பதாக அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்கு மேலும் விட்டால் ஆகாது என்று எழுந்து நின்று, டிப்போக் குரலில் அறிவித்தேன்.

"மச்சான், ஒரே ராத்திரிதான். காலைல ஆறு மணிக்குக் கிளம்பறோம்."

மச்சான் அன்பாக என் தோளைத் தட்டினார்.

"தங்கச்சி சொன்னா மாப்ளே. வந்து உட்கார்ந்ததும் இப்படி ஒண்ணு சொல்வீங்களாம், அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் அதைக் கண்டுக்க வேணாம்னும் சொன்னா."