பன்னிரண்டு வருஷத்து வில்லை

காகிதத்தைப் பிரித்ததும் லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்தது. தேயிலை வில்லையில் அந்துருண்டை வாசனை!

கல்யாணத்தன்று மாமனார் தன் கையால் கொடுத்த வில்லை அது. சீனத்துப் பூ-ஏர் தேயிலையைப் பச்சையாகவே அழுத்தித் தட்டளவு வட்டமாகச் செய்தது. வருஷம் ஏற ஏறத்தான் கசப்பு அடங்கி ருசி கூடுமாம்.

"பன்னிரண்டு வருஷம் பிரிக்காதீங்க மாப்பிள்ளை. இதை எப்படிப் பாத்துக்கிறீங்களோ, அப்படித்தான் என் பொண்ணையும் பாத்துக்கறீங்கன்னு எடுத்துப்பேன்" என்று அன்றைக்கே சொல்லி வைத்திருந்தார்.

மாமனார் லேசுப்பட்ட ஆளில்லை. தேயிலைக் கம்பெனியில் முப்பது வருஷம் ருசி பார்த்த நாக்கு. பன்னிரண்டு வருஷம் முடிந்து, அந்த நாக்கு இன்று மாலை நான்கு மணிக்கு வருகிறது.

"அந்துருண்டையை எங்கடி வெச்சிருக்கே?"

"நானா? அந்த நாத்தமே எனக்கு ஆகாது. இந்த வீட்டுக்குள்ள ஒண்ணுகூட வாங்கினதில்ல" என்றாள் மனைவி.

பின்னே எப்படி வந்தது? பயத்தைவிட அதுதான் அவரைக் குடைந்தது. வில்லை இருந்த பீங்கான் ஜாடிக்குள் மூக்கை விட்டார். அலமாரியைத் தட்டுத் தட்டாக மோந்தார். பக்கத்து வீட்டுக் கதவிடுக்கை மோந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"கேஸ் லீக்கான்னு பாத்தேன்" என்று உளறிவிட்டு ஓடிவந்தார். அந்த வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள், பாவம்.

"கொஞ்சம் காத்தாட வைங்க, போயிடும்" என்றாள் மனைவி.

பால்கனியில் வைத்தார். அரைமணி கழித்துப் பார்த்தால், கீழ்வீட்டில் ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். பெயின்ட் வாசனை வில்லையில் ஏறிவிட்டது. அந்துருண்டை இறங்கவில்லை.

"காப்பித்தூள் எந்த வாசனையையும் இழுத்துடுமாம்" என்று வில்லையைக் காப்பித்தூள் டப்பாவுக்குள் புதைத்தார். ஒருமணி நேரம் கழித்து எடுத்து மோந்த மனைவி சொன்னாள்: "இழுக்கலீங்க, தன் பங்குக்குக் குடுத்திருக்கு!"

கடைசியில் வாணலி. இளஞ்சூட்டில் வாட்டும்போது போன் வந்தது. "ஸ்டேஷன்ல இறங்கிட்டோம் மாப்பிள்ளை!" பேசி முடிப்பதற்குள் ஓரம் கருகிவிட்டது.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காதே! உன்னை நான் இந்த லட்சணத்துலதான் வெச்சிருக்கேன்னு நெனைக்கப் போறாரு."

"நெனைக்கட்டுமே. ஓரத்துல கொஞ்சம் கருகித்தான் இருக்கேன்."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்கு மணிக்கு, கருகாத நடுப்பகுதியைப் பெயர்த்து வெந்நீர் ஊற்றி மாமனாருக்கும் மாமியாருக்கும் கொடுத்தார். மாமனார் சர்ரென்று உறிஞ்சினார். வாய்க்குள் உருட்டினார். கண்ணை மூடினார். திடீரென்று முகம் வெளுத்தது.

"மாமா, அந்த அந்துருண்டை வாசனை..."

"அதுவா? பழசாச்சுன்னா அப்படித்தான் இருக்கும் மாப்பிள்ளை! நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க" என்றார் மாமனார் அவசரமாக. "இதை வேற யாருக்கும் குடுக்காதீங்க. அத்தைக்கு வெந்நீர் போதும்."

அதற்குள் மாமியார் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்த வில்லைதானே இது? என் பொடவைப் பெட்டியில போட்டுக் கெடுத்துட்டு, அவர் வந்து கேட்டப்போ எலி தின்னுடுச்சுன்னு சொன்னீங்களே!"