என் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பான்மை

உயிரே போனாலும் இந்தப் பல்லைப் பிடுங்க விடமாட்டேன் என்று சனிக்கிழமை காலை சபதம் எடுத்துக்கொண்டேன். சபதத்தைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. வாய் பாதிதான் திறந்தது. இடது கன்னம் வலது கன்னத்தைவிட இரண்டு மடங்கு இருந்தது.

டாக்டர் கெடு வைத்துவிட்டார். இந்த வாரத்துக்குள் எடுக்காவிட்டால் சீழ் தாடைக்கு இறங்குமாம். எனக்கும் தாடை வேண்டும்தான். ஆனால் அவர் பல் பிடுங்கும் குறடு இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்த்த கையோடு, "மாத்திரை போதும் டாக்டர்" என்று படியிறங்கி ஓடிவந்துவிட்டேன். பயமா என்றால், பயம்தான். உங்களிடம் சொல்வதற்கென்ன? மனைவியிடம் மட்டும் அதற்குக் 'கொள்கை' என்று பேர் வைத்திருந்தேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். போன மாதம் முழுக்க ஒரே புத்தகம். சமூக உளவியல், முதலாண்டு மாணவர்களுக்கு. மூன்று தடவை வரிவரியாகப் படித்தேன். எழுதியவர்கூட அத்தனை தடவை படித்திருக்க மாட்டார். அதில் ஒரு சோதனை. ஒரு அறையில் எட்டுப் பேர், எதிரே சில கோடுகள். எது நீளம் என்று கேள்வி. ஏழு பேர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, குட்டைக் கோட்டைக் காட்டி "இதுதான்" என்கிறார்கள். எட்டாவது ஆள் ஒன்றும் அறியாத அப்பாவி. நெட்டைக் கோடு கண்ணுக்கெதிரே நிற்கிறது. ஆனாலும் அப்படி எட்டாவதாக உட்கார்ந்தவர்களில் பலபேர், ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து குட்டையையே காட்டிவிட்டார்களாம்.

எனக்கு இது போதாதா? என் மனைவி மழலையர் பள்ளி டீச்சர். அவளிடம் தனியாக மோதி நான் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. இனி கூட்டமாக மோதுவது என்று முடிவு செய்தேன்.

பத்து மணிக்கு மாடி வீட்டுத் தையல்காரர், எதிர் வீட்டு எலெக்ட்ரீஷியன், எங்கள் அச்சக பைண்டர் மூவரும் தற்செயலாக வந்தார்கள். மூவரும் ஒரே நிமிஷத்தில் தற்செயலாக வந்தது கொஞ்சம் இடித்தது. மனைவி வகுப்புக்காகக் காகிதத்தில் வாத்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், கன்னம் லேசா வீங்கியிருக்கு?" என்றார் தையல்காரர். லேசாம்! மனுஷன் நடிகன்.

"இதுக்குப் போய் பல்லை எடுப்பாங்களா?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

கத்தரிக்கோல் நின்றது. எனக்கு மூச்சும் நின்றது.

"அப்படியாண்ணா?"

"ஆமாம்மா. தானா வத்திடும்."

"பைண்டர் அண்ணா, நீங்க என்ன சொல்றீங்க?"

பைண்டர் காகித வாத்தைப் பார்த்தார். "நானும்... அதேதாம்மா..."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

சாக்பீஸைத் தின்றது யார் என்று இருபத்தெட்டுக் குழந்தைகளிடம் விசாரிக்கிற குரல் அது. பைண்டர் பொலபொலவென்று உதிர்ந்தார்.

"எடுத்துடறதுதாம்மா நல்லது! எங்க மாமா இப்படித்தான் விட்டுவச்சு, தாடையையே அறுக்க வேண்டியதாப்போச்சு!"

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் தையல்காரர். எலெக்ட்ரீஷியன் செருப்பைத் தேடினார்.

கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மாற்றிச் சொன்னாலும் மந்திரம் பலிக்காது என்று அதே புத்தகம் அடுத்த பத்தியில் சொல்லியிருந்தது. அந்தப் பத்தியில் ஓர் ஒற்றுப்பிழை திருத்தியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. விஷயம்தான் மறந்துவிட்டது.

இடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். விழவில்லை.

"சரி விடுங்க. உங்க பல்லு, உங்க இஷ்டம்" என்றாள். "எனக்குத்தான் ரெண்டு நாளா பல்லு விண்ணு விண்ணுங்குது. போய்க் காட்டிட்டு வரேன். நீங்க சட்டையை மட்டும் போட்டுக்குங்க."

"நான் எதுக்கு?"

"தெருமுனை வரைக்கும்தாங்க. பேச்சுத்துணைக்கு."

தெருமுனை வந்தது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கிளினிக் வாசல் வரைக்கும் வந்தா என்னவாம்?"

வாசலும் வந்தது. "உள்ள தனியா உக்கார பயமா இருக்குங்க."

பயமா? என் மனைவிக்கா? நெஞ்சை நிமிர்த்தினேன். "நான் இருக்கேன், வா" என்று முதல் ஆளாக உள்ளே போனேன்.

சுவரோரம் ஆறு நாற்காலிகள். ஆறாவது வாசல் பக்கம், முதலாவது டாக்டர் அறைக் கதவை ஒட்டி. நாலு பேர் இருந்தார்கள். ஐந்தாவதில் என்னை உட்காரவைத்துவிட்டு ஆறாவதில் அவள் உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. முதல் ஆள் உள்ளே போனார். மற்றவர்கள் எழுந்து ஒரு நாற்காலி நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன்.

உள்ளே 'ர்ர்ர்' என்று இயந்திரம் சுற்றியது. "ஆ!" என்று ஒரு குரல். மணி. நகர்ந்தேன்.

நகரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேரும் நகரும்போது நான் மட்டும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? மணி. நகர்ந்தேன். முதுகில் வேர்வை ஓடியது. மணி. நகர்ந்தேன். வலது முழங்கையில் ஏதோ இடித்தது. பார்த்தால் டாக்டர் அறைக் கதவு!

மறுபடி மணி.

"நீ போ" என்றேன் மனைவியிடம்.

"எனக்கு இப்ப வலிக்கலையே!"

நர்ஸ் எட்டிப்பார்த்தாள். "யாருங்க பேஷண்ட்?"

நான் மனைவியைக் காட்டினேன். மனைவி என்னைக் காட்டினாள். எங்களுக்குப் பின்னால் வந்து வரிசையில் சேர்ந்திருந்த நாலு பேர், முன்பின் தெரியாத புண்ணியவான்கள், ஒருவர் பின் ஒருவராக என் கன்னத்தைக் காட்டினார்கள். யாரும் அவர்களிடம் பேசிவைக்கவில்லை. அவர்களில் ஒருவராவது மாற்றிச் சொல்ல வேண்டுமே! ம்ஹூம். எனக்கே சந்தேகம் தீர்ந்துவிட்டது. நான்தான் என்று நானும் கையைத் தூக்கினேன்.

ஊசி. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். தாடையை யாரோ கதவு மாதிரி அசைத்தார்கள். ஒரே இழுப்பு. அவ்வளவுதான். இதற்கா ஒரு வாரம் நடுங்கினேன் என்று வெட்கமாக இருந்தது. நர்ஸ் ஒரு கை பஞ்சை வாயில் திணித்து, "ஒரு மணி நேரம் பேசாதீங்க" என்றாள்.

வெளியே மனைவி மாத்திரைச் சீட்டோடு நின்றிருந்தாள். எனக்குள் கோபம் கொதித்தது. பல்வலி என்று பொய், பயம் என்று பொய், எல்லாவற்றையும் அந்த நடைபாதையிலேயே கிழித்து எறிவது என்று வாயைத் திறந்தேன்.

"ம்ம்ம்!"

"ஷ்! ரெண்டு நாளைக்கு வாயே திறக்கக் கூடாது."

ஒரு மணி நேரம்தான் என்று ஒற்றை விரலை அவள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன்.

"டாக்டரும் முதல்ல அப்படித்தாங்க சொன்னாரு. நான் ஒரு மாசம் கேட்டேன், பேசிப் பேசி ரெண்டு நாளுக்கு ஒத்துக்கிட்டாரு."