நாலு மணி நேர விவசாயி

வேலையை விடத் தைரியம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் யாரும் வேலையை விட்டுப் பார்த்தவர்கள் இல்லை. நான் விட்டிருக்கிறேன். ஒரு நல்ல மழை பெய்தால் போதும். விட்ட வேலையைத் திரும்பப் பிடிப்பதற்குத்தான் தெம்பு வேண்டும், அதுவும் கரிசல் மண்ணில், செருப்பில்லாமல்.

நான் சர்வேயர். ஊர் ஊராகப் போய் நிலம் அளப்பது என் உத்தியோகம். "எம் மவன் நிழல்ல உக்காந்து வேலை பாக்கணும்" என்பது என் அப்பாவின் ஒரே கனவு. சர்க்கார் வேலை என்றால் மின்விசிறிக்கு அடியில்தான் இருக்கும் என்று நம்பி என்னை இதில் தள்ளிவிட்டார். அந்த மின்விசிறி எங்கோ தூத்துக்குடிப் பக்கம் எனக்காகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். நான் இங்கே சித்திரை வெயிலில், ஒரு வேப்பங்கன்றுகூட இல்லாத காட்டில், கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா சாகும்வரை அவரிடம் இதைச் சொல்லவில்லை. என் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு விவசாயத்தின் மேல் ஆசை என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். உண்மை அது இல்லை. இருபத்திரண்டு வயதில் எனக்கு எதன் மேலும் ஆசை இல்லை. ஆர்டர் வந்தது, போனேன். வேலை பிடிக்காமல் போன பிறகுதான் விவசாயம் பிடிக்க ஆரம்பித்தது. (பக்கத்து இலைப் பாயசம் மாதிரிதான். நம் இலையில் விழும்வரை இனிப்பாகவே இருக்கும்.)

வேலை ஏன் பிடிக்காமல் போனது என்கிறீர்களா? அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கிற இடத்துக்கு யாராவது சர்வேயரைக் கூப்பிடுவார்களா? வேலையை விட்ட நாள்வரை, இருபத்து மூன்று வருடத்தில், சிரித்த முகத்தோடு என்னை வழியனுப்பிய வீடு ஒன்றுகூட இல்லை. தப்பாக அளந்தால் ஒரு தரப்பு திட்டும். சரியாக அளந்தால் இரண்டு தரப்பும் திட்டும்.

நான் சொல்லப்போவது எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. ஒரு ஊரில் அண்ணன் தம்பி இருவருக்கு நடுவே ஒரு நாள் முழுக்க நின்று வரப்பை அளந்து கல் ஊன்றினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கல்லைக் காணோம். தம்பியின் பெண்டாட்டி அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எந்தக் கல்லு?" என்று கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்து, "நீரு படிச்ச படிப்புக்கு ரெண்டு ஆடு வாங்கி மேய்ச்சிருக்கலாம்வே" என்றார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாகத் தலையாட்டினார்கள்.

அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று இரண்டு வரியில் முடிக்கிற ஆளா நான்? இரண்டு பக்கம். மேலதிகாரியையும் விடவில்லை. கவரில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு, தைரியம் வரட்டும் என்று மூன்று வாரம் சுமந்து திரிந்தேன்.

தைரியம் ஐப்பசியில் வந்தது. புரட்டாசி பொய்த்துப்போய் எல்லாரும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது. மறுநாள் எனக்கு லீவு. புதூர் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் மானாவாரி தரிசாகக் கிடந்தது. கோவில்பட்டியிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கக் கிளம்பினேன். ஊருக்குள் நுழையும்போதே ஈரக் கரிசலின் வாசம் மூக்கில் ஏறிவிட்டது. உழைக்காதவனுக்கு அந்த வாசம் கொஞ்சம் அதிகமாகவே ஏறும்.

தபால் ஆபீஸ் என்பது அங்கே ஒரு வீட்டின் முன்னறை. சுவரில் சிவப்புப் பெட்டி தொங்கியது. மணி ஒன்பதரை, ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. கடிதத்தைப் போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் எனக்கு முதுகு நிமிர்ந்தது. 'தபால் எடுக்கும் நேரம் பிற்பகல் 2' என்று பெட்டியில் எழுதியிருந்ததைக்கூட ஆசையாக வாசித்தேன்.

ராத்திரி பெய்ததை வெடித்துக் கிடந்த கரிசல் குடித்துவிட்டதால் பைக் சிக்காமல் போனது. காட்டுக்கு, அதாவது அந்த மூன்று ஏக்கருக்குப் போய் பைக்கை நிறுத்தி, பேண்ட்டை மடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றேன். (விவசாயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.) இங்கன உளுந்து, அங்கன பாசிப்பயறு, ஓரத்தில் மல்லி என்று கையை நீட்டி நீட்டிப் பிரித்தேன். மண்டிக் கிடக்கிற வேலிக்கருவையை யார் வெட்டுவது என்ற கேள்வி வந்தது. அதை ஒத்திவைத்தேன். வானம் மறுபடி இருட்டித் தூற ஆரம்பித்தது. நான் நனைந்தேன். மழையில் நனைவதும் வேலையில் சேர்த்தி என்று பெருமையாக இருந்தது.

பதினொன்றே முக்கால் வாக்கில் மழை வலுத்தது. ஒரு உடைமரத்தின் அடியில் ஒதுங்கி, வீட்டுக்காரியிடம் சொல்லிவிடலாம் என்று போன் போட்டேன். மல்லிகா அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்பக்கம் நிற்பவள்.

"மல்லிகா, நான் வேலையை விட்டுட்டேன்."

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பொறவு" என்றாள்.

"ஏட்டி, ஒன்னயத்தான்."

"இங்க ஒரு ஆளுக்குச் சொல்லுதேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"வேலையை விட்டுட்டேன். கடுதாசியைப் பெட்டியில போட்டாச்சு."

அழுதால் என்ன சொல்ல வேண்டும், ஏசினால் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"முந்திக்கிட்டீங்களாக்கும்" என்றாள்.

"என்னது?"

"என் கடுதாசி எட்டு வருசமா பீரோவுல கிடக்கு, கல்யாணப் பட்டுக்கு அடியில. பாப்பா படிப்பு முடியட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு வீட்டுல ஒரு ஆளுதான விட முடியும்? அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க. சரி."

"ஒனக்கு வேலை பிடிக்காதுன்னு நீ சொன்னதே இல்லயே."

"நீங்க கேட்டதே இல்லயே. இருவது வருசமா ஜன்னலுக்குள்ள வார கையைத்தான் பாக்கேன். ஒரு மூஞ்சி பாத்ததில்ல. ஒங்களுக்காவது ஏசுத ஆளு மூஞ்சி தெரியுது. சரி, கூட்டம் நிக்கு, வைக்கேன்."

இரண்டு தடவை 'சரி' என்றாள். இருபது வருட சம்சாரத்தில் நான் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயப்படுவேன்.

இந்த இடத்தில் 'என் மனைவிக்காக ஓடினேன்' என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் முதலில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது, கடிதத்தைப் பிரித்து வாசிக்கிற மேலதிகாரியின் முகம். அடுத்து வந்தது, வேலையில்லாமல் நான் வீட்டில் இருக்க, மல்லிகா சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே 'சரி' என்று சொல்லுகிற காட்சி. மூன்றாவதாகத்தான் அவளும் அந்த ஜன்னலும் வந்தார்கள். வரிசையை மாற்றிச் சொல்லலாம். வயதாகிவிட்டது, பொய் சொல்லச் சோம்பலாக இருக்கிறது.

மணி பன்னிரண்டு. இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்துவிடுவார்கள். பாய்ந்து போய் பைக்கைக் கிளப்பினேன்.

கரிசல் மண் காய்ந்தால் கட்டாந்தரை. நனைந்தால் அது கடன்காரன், காலைப் பிடித்தால் விடாது. இருபது அடி போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்துவிட்டது. குச்சியால் நோண்டினேன். பத்தடி போனது. மறுபடி நோண்டினேன். ஐந்தடி. என் வாழ்க்கையைப் போலவே அதுவும் குறைந்துகொண்டே வந்ததால் பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு நடந்தேன்.

ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளந்தேன். இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர். (இருபத்து மூன்று வருட அனுபவம் அன்றைக்குத்தான் சொந்தக் காரியத்துக்கு உதவியது.) ஒவ்வொரு அடிக்கும் செருப்பின் அடியில் ஒரு விரற்கடை மண் ஏறியது. அரை கிலோமீட்டரில் நான் முக்கால் அடி வளர்ந்திருந்தேன். அதற்கப்புறம் வலது செருப்பு மண்ணோடு நின்றுவிட்டது, நான் மட்டும் போனேன். இடது செருப்பை நானே கழற்றி வீசினேன். மூன்று தடவை விழுந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வேலைக்காக நான் அவ்வளவு உழைத்ததே இல்லை.

தபால் ஆபீஸை அடைந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மழைக்கு ஒதுங்கி ஐந்தாறு பேர் வாசலில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஆடு மேய்க்கிறவர், பெயர் கருப்பசாமி, என் வயதுதான் இருக்கும். அவருடைய ஆடுகளும் ஒதுங்கி நின்றதால் அவற்றை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயதுப் பெண். நான் உள்ளே வந்ததும் எழுந்து பின்னால் நகர்ந்தார். என் கோலம் அப்படி.

"காலையில பெட்டியில ஒரு கடுதாசி போட்டேன் தாயி. அதைத் திருப்பிக் குடுத்திருங்க."

"போட்டது நீங்கதான்னு நான் எப்படி சார் நம்ப? மொதல்ல அட்ரஸை இங்கன எழுதிக் காட்டுங்க, கையெழுத்துப் பாக்கணும்."

பெட்டியைத் திறந்தார். உள்ளே என் கடிதம் ஒன்றுதான் கிடந்தது. எழுதிக் கொடுத்தேன். விரலெல்லாம் மண், பேனா வழுக்கியது. அவர் இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கவர்ல முத்து முத்தா இருக்கு. இது கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு."

"அது தைரியமா இருக்கும்போது எழுதுனது."

"அப்ப உள்ள என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க சார். பொறவு நீங்களே பிரிச்சுக் காட்டுங்க. ஒத்துப்போனா எடுத்துக்கிடலாம்."

வாசலில் நின்றவர்கள் அறைக்குள் வந்தார்கள். ஆடுகளில் இரண்டும் வந்தன. நான் மண்ணப்பிய காலோடு கைகட்டி நின்று, என் ராஜினாமாவை ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

"ஐயா, இருபத்து மூன்று ஆண்டுகளாக அடுத்தவர் நிலத்தை அளந்து அளந்து என் ஆயுளை அளக்க மறந்துவிட்டேன்..."

"நல்லா இருக்கு" என்றது ஒரு குரல்.

"...இந்தக் காலத்தில், தங்கள் நாற்காலியின் நான்கு எல்லைகளைத் தாண்டித் தாங்கள் கால் வைத்ததை நான் கண்டதில்லை..."

அறை அதிர்ந்தது. போஸ்ட்மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். கருப்பசாமி மட்டும் சிரிக்காமல், "அண்ணாச்சி, அந்த நாக்காலி வரியை இன்னொருக்கச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். வேறு வழி?

"ஆக, நீங்க வேலையை விடுதீங்க" என்றார் கருப்பசாமி.

"விட்டுட்டேன். இப்ப அதைத் திருப்பி வாங்க வந்திருக்கேன்."

"எதுக்கு விட்டீங்க?"

"பிடிக்கல."

அவர் கையிலிருந்த, தழை இழுக்கிற தொரட்டியை மறு கைக்கு மாற்றினார். "எனக்குந்தான் பிடிக்கல. பத்து வயசுல இருந்து இதுக பின்னால நடக்கேன். நானும் ஒரு கடுதாசி எழுதிப் போட்டிரலாம்னுதான் பாக்கேன். யாருக்குன்னு போட, இந்தக் கெடாவுக்கா?"

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று நிஜமாகவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவரைப் பிரித்துக் காட்டினேன். வரிக்கு வரி ஒத்துப்போனது. ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போஸ்ட்மாஸ்டர் கடிதத்தைக் கொடுத்தார். "அடுத்த தடவை கோவம் வந்தா ஒங்க அட்ரஸுக்கே போடுங்க சார்" என்றார். அப்போது மணி ஒன்றரை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மல்லிகா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கடிதத்தை அவள் கையில் கொடுத்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொன்னேன். "நீ விட்டிரு மல்லிகா. நான் வேலையில இருக்கேன்."

அவள் கடிதத்தை முழுக்க வாசித்தாள். மடித்தாள்.

"நேத்து இதைச் சொல்லியிருந்தா நம்பி விட்டிருப்பேன்" என்றாள். "இன்னைக்கு எப்படி விட? அடுத்த மழைக்கு நீங்க என்ன செய்வீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் விடவில்லை. பாப்பா படிப்பு முடிந்த பிறகும் விடவில்லை. இந்த எட்டு வருடத்தில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "வானத்தைப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பாள். நான் என் வேலையைத் திரும்பப் பிடித்த கதை என்று இதை எல்லாரும் சொல்கிறார்கள். அவள் வேலையில் அவளை மாட்டிவிட்ட கதை இது. இப்போதும் ஜன்னலுக்குள் கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு 'நாலு மணி நேர விவசாயி' என்று பெயர். கல்யாண வீடுகளில் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்வதே அப்படித்தான். நானே எழுந்து நின்று, நாற்காலி வரியை நடித்துக் காட்டுவேன். கைதட்டுவார்கள். என் மச்சினன் ஆடு மாதிரி கத்துவான்.

போன தீபாவளிக்கு மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கும் அவள் வேலை பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது பரம்பரைச் சொத்து. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு மட்டும் அந்தக் கடுதாசி கையில கிடைக்காமப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "என்ன செஞ்சிருப்பாரு? மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடுதாசி எழுதியிருப்பாரு."

வீடே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அவளுக்குத் தெரியாது. அந்தச் சேற்றில் இரண்டாவது தடவை விழுந்து எழுந்தபோதே அந்த மன்னிப்புக் கடிதத்தின் முதல் பாராவை நான் மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன். ராஜினாமாவைவிட அதுதான் நன்றாக வந்திருந்தது.